மூளை மூட்டம்: புதிதாக மாட்டிக்கொண்டவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவரிடம் போய் "பிரெயின் ஃபாக் இருக்கு டாக்டர்" என்று சொன்னால் சிலர் பரிவோடு தலையாட்டுவார்கள். சிலர் "நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். முழுத் தவறும் அவர்கள் மேல் இல்லை. மூளை மூட்டம் என்பது நோயின் பெயர் அல்ல; கவனம் சிதறுவது, சொல் வராமல் நிற்பது, யோசனை மந்தமாவது என்று பல அறிகுறிகளைக் கட்டிய ஒரு மூட்டை. ரத்தப் பரிசோதனைத் தாளில் "மூட்டம்: உண்டு" என்று வரும் கட்டம் கிடையாது. இதே புகாரோடு வரும் பத்துப் பேருக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம்.

அதனால்தான் புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கண்ணில் படும் சத்து மாத்திரையை எல்லாம் வாங்கி விழுங்குகிறார்கள். இல்லையென்றால் "எனக்குச் சோம்பேறித்தனம், வயசாகுது" என்று தன்னையே திட்டிக்கொண்டு நாளை ஓட்டுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. இது அவசரமா என்று முதலில் பாருங்கள். அவசரமில்லை என்றால், மூட்டம் எப்போது வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். பதில் கிடைக்கும்வரை தலையில் ஏற்றும் சுமையைக் குறையுங்கள். இதில் எழுதி வைப்பதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து அதிகம் உதவுவதும் அதுதான்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மூட்டம் பொதுவாக மெல்ல வரும், கூடும், குறையும். நிமிடக் கணக்கில் திடீரென்று வரும் குழப்பம் வேறு ரகம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். "கொஞ்சம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுத்தால் அந்த நேரம் படுக்கையிலேயே போய்விடும்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு இவற்றோடு வரும் குழப்பம், தலையில் அடிபட்ட பின் வரும் குழப்பம், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கத்தோடு வரும் குழப்பம், முதியவர் ஒருவர் ஓரிரு நாளில் ஆளே மாறிப்போவது: இவையும் காத்திருக்கக் கூடாதவை. உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. வீட்டுக்குள் இருந்தால் தலைவலி, மந்தம், குமட்டல். வெளியே போனால் தெளிவு. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதேதான் என்றால், ஹீட்டர், ஜெனரேட்டர், அடுப்பு போன்ற ஏதோ ஒன்று அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளியிடலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லோரும் வெளியே வாருங்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள். சாதனத்தைச் சரிபார்க்கும்வரை திரும்ப ஏற்ற வேண்டாம்.

என்னதான் குறைகிறது?

"ஞாபகமே இல்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் அடிபட்டிருப்பது ஞாபகம் அல்ல, கவனம். சாவியை மேசையில் வைத்த நொடியில் மனம் வேறெங்கோ இருந்தது. பதியாத ஒன்று எப்படித் திரும்பி வரும்?

அதோடு, ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் இடம் எல்லோருக்குமே சின்னதுதான். 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏறக்குறைய ஏழு விஷயங்கள் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை நான்கை ஒட்டிக் குறைத்துவிட்டன. உடம்பு நன்றாக இருக்கும்போதே நான்கு. மூட்டத்தில் அதிலும் ஒன்றிரண்டு கழன்றுவிட்டால், ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் போய்விடுகிறது. அதனால்தான் ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. சொல் நாக்கு நுனியில் நிற்பது, பதில் சொல்ல நேரமாவது, இரண்டு வேலையில் எதை முதலில் செய்வது என்று திகைப்பது எல்லாம் இதே குடும்பம்தான்.

இது மறதி நோயின் தொடக்கமோ என்ற பயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது. மூட்டத்தில் பொதுவாகச் சொல் கொஞ்சம் தாமதமாகவாவது வந்துவிடும், துப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்வீர்கள், ஒரு நாள் மோசம் என்றால் மறுநாள் தேவலாம், புகார் சொல்வதும் நீங்களாகவே இருப்பீர்கள். பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்டது தெரியாமலே அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நீங்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போதே வீட்டார் கவலைப்படுவது, மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போவது என்றால் அதைத் தனியாகவே மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். இது தோராயமான பிரிவுதான். சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு வாரக் குறிப்பு

செயலி எதுவும் வேண்டாம், ஒரு சின்ன நோட்டு போதும். காலை, பகல், மாலை என மூன்று முறை தெளிவுக்குப் பத்துக்கு ஒரு எண் கொடுங்கள். பக்கத்தில் தூக்கம், சாப்பிட்ட நேரம், எடுத்த மருந்து, முந்தைய நாள் அதிகமாகச் செய்த வேலை, மாதவிடாய் இருப்பவர்கள் அது எத்தனையாவது நாள் என்பது. நீளமாக எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாளே நின்றுபோகும். இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய். காலை 8 மணி: 3. ஏழரை மணி நேரம் தூங்கியும் களைப்பு, வாய் வறண்டிருந்தது. பகல் 1 மணி: 6. மாலை 5 மணி: 4, வரிசையில் நின்றபோது தலை கிறுகிறுத்தது, உட்கார்ந்ததும் பரவாயில்லை. நேற்றிரவு தும்மலுக்கு மாத்திரை.

இந்தச் சில வரியில் மூன்று துப்புகள் இருக்கின்றன. போதுமான நேரம் தூங்கியும் களைப்பும் வாய் வறட்சியும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுவிடுங்கள். தும்மலுக்குப் போட்ட மாத்திரை பழைய வகையாக இருந்தால் மறுநாள் காலை வரை மந்தம் நிற்கும், வாயையும் வறட்டும். நின்றால் கிறுகிறுப்பு, உட்கார்ந்தால் தேவலாம் என்பது மூன்றாவது. ஒரே நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே துப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எந்த வடிவம் தெரிகிறது என்று பாருங்கள்.

எழுந்தவுடன் மோசம், போகப்போகத் தெளிவு. விழித்த முதல் அரை மணி நேரம் மந்தமாக இருப்பது யாருக்கும் இயல்பு. பத்து மணி, பதினோரு மணி வரை இழுத்தால் தூக்கத்தின் தரம், இரவு மருந்து, மனச்சோர்வு மூன்றையும் சந்தேகிக்கலாம். மனச்சோர்வு சிலருக்குக் காலையில்தான் அதிகமாக அழுத்தும்.

நின்றால் மோசம், படுத்தால் தெளிவு. எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் பெரியவர்களுக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நீடித்தால், ரத்த அழுத்தமும் பெரிதாக இறங்கவில்லை என்றால், பாட்ஸ் என்ற நிலையாக இருக்கக்கூடும். படுத்திருந்தபோதும் நின்றபோதும் எடுத்த துடிப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது நல்ல தொடக்கம். தனியாக இருக்கும்போது இதைச் சோதிக்காதீர்கள், மயங்கி விழ வாய்ப்புண்டு.

உழைத்த அன்று பரவாயில்லை, மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரிவு. இந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே நோட்டு எழுதலாம் என்பேன். உடல் உழைப்போ, நீண்ட கூட்டமோ, ஒரு சண்டையோ கூட 12 முதல் 48 மணி நேரம் கழித்து ஆளைச் சாய்க்கும். இடைவெளி இருப்பதால் காரணம் கண்ணில் படாது. முந்தாநாள் செய்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? எம்இ/சிஎஃப்எஸ் எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் இது. கோவிட் போன பிறகும் அறிகுறிகள் நீடிக்கும் லாங் கோவிட் உள்ளவர்களில் பலருக்கும் இருக்கிறது. இவர்களிடம் "தினமும் கொஞ்சம் கூடுதலாக நடங்கள்" என்று சொல்வது கெடுதலாக முடியலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட எம்இ/சிஎஃப்எஸ் வழிகாட்டுதலில், உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சையை வழங்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

குறிப்பிட்ட தேதியிலிருந்து தொடங்கியது. அந்தத் தேதியை ஒட்டிப் புது மருந்து, அளவு மாற்றம், தொற்று, தலையில் அடி, பிரசவம், கீமோதெரபி ஏதாவது இருந்ததா? கோவிட் வந்து 3 மாதம் ஆன பிறகும் அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது 2 மாதமாவது நீடித்து, வேறு காரணமும் தென்படவில்லை என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறைப்படி அது லாங் கோவிட்.

மாதத்தில் சில நாள் மட்டும் என்றால் மாதவிடாய்ச் சுழற்சியையோ ஒற்றைத் தலைவலியையோ பாருங்கள். தலைவலி போன மறுநாளும் மந்தம் நீடிப்பதுண்டு. நாற்பதுகளில் மாதவிடாய் ஒழுங்கு தவறும்போதே, முழுதாக நிற்பதற்கு முன்னாலேயே, மூட்டம் தொடங்கிவிடலாம்.

எந்த வடிவமும் இல்லை, எல்லா நேரமும் ஒரே மாதிரி என்றால் அதுவும் செய்திதான். தைராய்டு, இரும்புச் சத்து, பி12, மனச்சோர்வு ஆகியவை அந்தப் பக்கம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

"மூட்டமா இருக்கு" என்று தொடங்காதீர்கள். "முன்பு அரை மணியில் எழுதிய அறிக்கைக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். காலையில்தான் மோசம்" என்று சொல்லுங்கள். செய்ய முடிந்தது என்ன, இப்போது முடியாதது என்ன, எப்போதிலிருந்து: இவ்வளவுதான். நோட்டு முழுவதையும் நீட்டினால் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. அரைப் பக்கமாகச் சுருக்கி எழுதி, உள்ளே நுழையும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். மூட்டத்தோடு போய் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

பொதுவாகப் பார்க்கப்படும் ரத்தப் பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச், பி12, சர்க்கரைக்கு எச்பிஏ1சி, சோடியம், சிறுநீரகம், கல்லீரல். ஃபெரிட்டினைக் கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையோ நெடுநாளாக எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு கூடுதல். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு பரிசோதனையின் எண்ணையே அது புரட்டிக் காட்டும்.

மருந்துப் பட்டியல் தனிக் கதை. சீட்டில்லாமல் நீங்களே வாங்கியதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதுங்கள். தும்மலுக்கும் தூக்கத்துக்கும் விற்கும் குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின், வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின், பதற்றத்துக்கான அல்பிரசோலம், நரம்பு வலிக்கான பிரிகாபலின், ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்குமான டோபிராமேட். இவை எல்லாமே மந்தத்தை உண்டாக்கக் கூடியவை, இரண்டு மூன்று சேர்ந்தால் இன்னும் மோசம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் வகையையும் வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். "இதில் எதையாவது குறைக்கவோ மாற்றவோ முடியுமா?" என்று கேட்டால் போதும்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் பலருக்கு நிம்மதிக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. நியாயம்தான். ரத்தத்தில் தெரியும் காரணங்கள் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். தூக்கப் பரிசோதனை, நிற்கவைத்துத் துடிப்பு பார்ப்பது, மனச்சோர்வு பற்றிய பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. மனச்சோர்வு என்ற சொல் வந்ததும் "நான் நடிக்கிறேன் என்கிறாரா?" என்று சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். அது கவனத்தையும் வேகத்தையும் உண்மையாகவே குறைக்கும் நோய், சிகிச்சையும் இருக்கிறது. இருக்கும் காரணங்களிலேயே சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கோபத்தில் தள்ளிவிட வேண்டாம்.

அதுவரை நாளை ஓட்டுவது

தலையில் வைத்திருப்பதைத் தாளுக்கு இறக்குங்கள். ஆனால் ஒரே தாள். ஃபோனில் பாதி, ஒட்டுச்சீட்டில் பாதி, கையில் பேனாவால் கொஞ்சம் என்று சிதறினால், எங்கே எழுதினோம் என்பதை வேறு ஞாபகம் வைக்க வேண்டும்.

மூட்டத்தில் அதிக நேரத்தைத் தின்பது வேலை அல்ல, விட்ட இடத்துக்குத் திரும்புவது. ஃபோன் அடிக்கிறது, பேசிவிட்டு வருகிறீர்கள், திரையைப் பார்த்தால் யாரோ செய்த வேலைபோல இருக்கிறது. அதற்கு ஒரு வழி: எழும் முன் ஒரு வரி. "அடுத்து: 4ஆம் பக்கம், இரண்டாவது அட்டவணையின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கணும், அப்புறம் அனுப்பலாம்." என்ன செய்தோம் என்று எழுதாதீர்கள், அடுத்து என்ன என்று எழுதுங்கள். ஃபோன் அடிக்கும்போது இதை எழுத எரிச்சலாகத்தான் இருக்கும். அந்தப் பத்து நொடியை எடுத்துக்கொள்ளுங்கள், அழைப்பவர் காத்திருப்பார்.

செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். "மறக்காமல் மாத்திரை போடணும்" என்பது வேலைக்காகாது. "பல் துலக்கி முடித்ததும் மாத்திரை" என்பது ஆகும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இந்த "இது நடந்தால் அதைச் செய்வேன்" முறையை விரிவாக ஆராய்ந்தார். மனவுறுதியை மட்டும் நம்புவதைவிட இது மேலாக வேலை செய்கிறது. போட்டோமா இல்லையா என்ற குழப்பத்துக்குக் கிழமை எழுதிய மாத்திரை டப்பா. அடுப்பில் ஏதாவது இருந்தால் டைமர், டைமர் உங்கள் கையில், சமையலறையில் அல்ல.

நோட்டில் எந்த நேரத்துக்கு எண் அதிகமோ அந்த நேரத்துக்குக் கடினமான வேலையைத் தள்ளுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிடக் களைக்கும் முன்பே நிறுத்துவது நல்லது. உழைத்த மறுநாள் சரிபவர்களுக்கு இதுதான் முக்கியமான விதி. ஓய்வு என்றால் கண்ணை மூடிப் படுப்பது. ஃபோனைத் தள்ளிக்கொண்டு கிடப்பது மூளைக்கு ஓய்வே இல்லை.

மோசமான நாளில் பணப் பரிமாற்றம், ஒப்பந்தக் கையெழுத்து, கோபமான பதில் மடல் மூன்றையும் தள்ளிப் போடுங்கள். வாகனம் ஓட்டவும் வேண்டாம். வந்த வழி நினைவில்லாமல் வீட்டு வாசலில் வந்து நிற்கிறீர்கள் என்றால், அன்றைக்கு அதிர்ஷ்டம்தான் ஓட்டியிருக்கிறது.

தூக்கம், காபி, சத்து மாத்திரை

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வைப்பது எளிது, அதிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை அழைக்கும். காபி அதை நீக்குவதில்லை, மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். ஆகவே பகல் உணவுக்குப் பிறகு வேண்டாம். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து பின்னிரவில் கெடுக்கும்.

உழைத்தபின் சரிவு இல்லாதவர்களுக்கு நடையும் உடற்பயிற்சியும் உதவலாம். "மூளைக்குக் கூர்மை" என்று விளம்பரம் செய்யும் மாத்திரைகளை என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம். குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அந்தச் சத்தை மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே என்று பி6ஐ அதிக அளவில் நெடுநாள் தின்றால் நரம்பே கெடும்.

மற்றவர்களிடம்

வீட்டிலும் வேலையிடத்திலும் மூட்டம் என்றால் என்ன என்று விளக்க முயன்றால் "எனக்கும்தான் மறதி" என்ற பதில்தான் வரும். விளக்கத்தைக் குறைத்து, வேண்டியதைக் கேளுங்கள். "வாயால் சொன்னா தவறிடும், ஒரு வரி மெசேஜ் போடுங்க." "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசாதீங்க." "கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கலாமா?" சொல் வராமல் நிற்கும்போது அந்தப் பொருளைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு மேலே போங்கள், நின்று தேடினால் பேச்சின் மீதியும் நழுவிவிடும்.

எவ்வளவு நாளில் தெளியும்?

காரணத்தைப் பொறுத்தது. தைராய்டு மருந்து தொடங்கினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை; அதற்குள் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். இரும்புச் சேமிப்பு நிரம்ப மாதக் கணக்காகும். ஸ்லீப் ஆப்னியாவுக்கு மூச்சுக் கருவி வைத்துத் தூங்கிய சில நாளிலேயே சிலருக்கு வித்தியாசம் தெரியும், சிலருக்கு வாரங்கள். தொற்றுக்குப் பின் வரும் மூட்டம் நேர்கோட்டில் குறையாது, தெளிவு இரண்டு நாள் ஏறி ஒரு நாள் இறங்கும்.

அந்த ஏறும் நாளில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ஒரு மாதமாகக் கிடந்த வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த நான்கு நாள் படுக்கையில் கிடக்கிறார்கள். நல்ல நாள் வந்தால் மனம் கேட்பதில் பாதியைச் செய்துவிட்டு நிறுத்துங்கள். அன்றைக்கும் நோட்டில் எண்ணை எழுதிவிடுங்கள். மோசமான நாள்கள் மட்டும் பதிவாகியிருந்தால், சிகிச்சை வேலை செய்கிறதா என்று மருத்துவருக்கே தெரியாது.